60 வாட் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர்?

திருமங்கலத்திலிருந்து நாள்தோறும் மதுரைக்கு வேலைக்கு வந்து திரும்பும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தம்முடைய சிறிய பெட்ரோல் காரின் முன்கதவுகளில் ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர்களை (உயர்சுருதிக்கான சிறிய ட்வீட்டர் தனியாக வரும் செட்) பொருத்தியிருக்கிறார். அவற்றின் அட்டையில் 60 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் திறன்), 180 வாட் பீக் (கணநேர உச்சம்), 4 ஓம் (மின்தடை), 88 டெசிபெல் (ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம்) என்று அச்சிட்டிருக்கிறது. இப்போது அவை காரோடு வந்த ஸ்டீரியோவிலேயே ஓடுகின்றன. சத்தத்தைக் கூட்டினால் இரைகிறது. ஆம்ப்ளிஃபையர் வாங்குவதற்காக விசாரித்தபோது ஒரு கடைக்காரர், "ஸ்பீக்கர் 60 வாட் என்றால் ஆம்ப் 50 வாட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காயில் எரிந்துவிடும்" என்றாராம் (காயில் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்). அடுத்த கடைக்காரரோ, "வாட் குறைந்த ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும், 120 வாட்டாகப் போடுங்கள்" என்றாராம். பின்னால் பத்து அங்குல சப்-ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றைச் சேர்க்கும் எண்ணமும் அவருக்கு இருக்கிறது. இரண்டு பேரில் யாரை நம்புவது என்பதே கேள்வி.

இருவரும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். 4 ஓமில், ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு, உண்மையான ஆர்.எம்.எஸ். கணக்கில் 60 முதல் 90 வாட் வரை தரக்கூடிய எந்த ஆம்பும் உங்கள் முன்கதவு ஸ்பீக்கர்களுக்குப் பொருந்தும். நான் வாங்குவதாயிருந்தால் 75 வாட் வாங்குவேன். 50 வாட் வாங்கினாலும் குடி முழுகிப் போகாது, 100 வாட் வாங்கினாலும் மறுநாளே புகைந்துவிடாது. ஆனால் இந்த எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாறத்தான் செய்வீர்கள், ஏனென்றால் பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எல்லாம் வாட் அல்ல. அதோடு, ஸ்பீக்கர் எரிவதும் எரியாததும் அந்த எண்ணைவிட வேறு சிலவற்றையே அதிகம் பொறுத்திருக்கிறது.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 60 வாட் என்பது அது தாங்கும் அளவு. ஆம்பில் எழுதியிருக்கும் 75 வாட் என்பது அது கொடுக்க முடிந்த அளவு. எந்நேரமும் கொடுத்துக்கொண்டிருக்கும் அளவு அன்று. வைகை அணையில் 71 அடித் தண்ணீர் நிற்பதாலேயே கீழே உள்ள வாய்க்காலின் கரை உடைந்துவிடுவதில்லை, மதகை எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது நிற்கும் அல்லது உடையும். அதுபோலவே பாட்டின் தன்மையும், வால்யூம் பொத்தானைத் திருகும் கையும் சேர்ந்துதான் ஸ்பீக்கருக்குள் போகும் திறனை முடிவு செய்கின்றன. சாதாரணமாகப் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத அளவில் பாட்டுக் கேட்கும்போது உங்கள் ஸ்பீக்கருக்குள் சராசரியாக ஒரு வாட்கூடப் போவதில்லை என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள், அதுதான் உண்மை.

அப்படியானால் 75 வாட் எதற்கு? இசையின் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்காக. தவில் வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஒலிக்கும் நாகசுவரத்தின் மேல் தவில்காரர் ஓங்கி ஓர் அடி அடிக்கும் அந்த நொடிப் பகுதியில், சராசரியைவிட 15 அல்லது 20 டெசிபெல் உயரமான ஓர் அலை எழும்பி அடங்குகிறது. 10 டெசிபெல் என்பது பத்து மடங்கு திறன். 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு. சராசரி முக்கால் வாட்டில் நடந்துகொண்டிருக்கும் பாட்டு, அந்த ஓர் அடிக்கு மட்டும் 75 வாட் கேட்கிறது. ஆம்பால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். உங்கள் காரில் சத்தத்தைக் கூட்டும்போது கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், ஸ்பீக்கரின் குறையாக இருக்காது.

காரோடு வந்த ஸ்டீரியோவிலேயே 50 வாட் பெருக்கல் 4 என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த 50 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வண்டி ஓடும்போது மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட். அந்த 14.4 வோல்ட்டையும் ஒரு சிறிதும் இழக்காமல் சதுர அலையாக (தலை முழுக்கத் தட்டையான அலையாக) 4 ஓமில் செலுத்தினால், 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, ஏறத்தாழ 52 வாட் வரும். அதாவது, முழுக்க முழுக்கச் சிதைந்த ஒலியில், காகிதக் கணக்கில் கிடைக்கும் எண்ணே அந்த 50. சிதையாத ஒலியில் அதே சிப் தருவது 15 முதல் 20 வாட் வரைதான். பல ஸ்டீரியோக்களில் பயன்பட்ட டி.டி.ஏ. 7388 என்ற சிப்பின் தயாரிப்பாளரே அதை 4 பெருக்கல் 45 வாட் என்று தலைப்பில் போட்டுவிட்டு, 14.4 வோல்ட்டில், 10 விழுக்காடு சிதைவோடு, 26 வாட் என்று உள்ளே எழுதியிருக்கிறார். 10 விழுக்காடு சிதைவு என்பது காதுக்குப் பளிச்சென்று தெரியும் சிதைவு. ஸ்டீரியோவின் பின்பக்கம் உள்ள ஃப்யூஸைப் பாருங்கள். 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். 10 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 144 வாட்தான், அதிலிருந்து 200 வாட் வெளியே எப்படி வரும்?

இந்த ஃப்யூஸ் கணக்கை ஆம்ப் வாங்கும்போதும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் உடலில் செருகியிருக்கும் ஃப்யூஸ்களின் மதிப்பைக் கூட்டி, 14-ஆல் பெருக்கி, ஏபி வகை ஆம்பாக இருந்தால் 0.6-ஆலும், குறைவாகச் சூடாகும் டி வகையாக இருந்தால் 0.8-ஆலும் பெருக்குங்கள் (உள்ளே போகும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் பங்கு அது), அது எல்லாச் சேனல்களும் சேர்ந்து தொடர்ந்து தரக்கூடிய திறனுக்கு ஓர் உச்ச வரம்பு. பெட்டியில் 2000 வாட் என்று நெருப்பு எழுத்தில் எழுதி, உள்ளே ஒற்றை 25 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும் ஏபி வகை ஆம்ப்களைக் கடைகளில் நிறையப் பார்க்கலாம். 25 பெருக்கல் 14, அதில் பத்தில் ஆறு பங்கு, 210 வாட். நான்கு சேனலுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 50-ஐச் சற்றே தாண்டும். ஃப்யூஸ் ஒரு கணம் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதால் இது இம்மி பிசகாத கணக்கு அன்று, என்றாலும் பொய்யை மோப்பம் பிடிக்கப் போதுமானது. ஒரு காலத்தில் இரண்டு பேண்ட் ரேடியோவில்கூட பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்றார்களே, அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது. இதற்கு மாறாக, சி.இ.ஏ.-2006 என்ற அளவுமுறைப்படி சோதித்ததாகப் பெட்டியில் போட்டிருந்தால், 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவில் எடுத்த எண் அது என்று நம்பலாம். அத்தகைய 60 வாட், இன்னொரு பெட்டியின் 250 வாட்டைவிடப் பெரிது.

இனி, எரிவது எதனால் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரின் காயில் இரண்டு வழிகளில் சாகும். முதலாவது வெப்பம். உள்ளே போகும் திறனில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒலியாகிறது. மீதியெல்லாம் காயிலில் சூடாகவே இறங்குகிறது. அந்தச் சூட்டைத் தீர்மானிப்பது உச்சம் அன்று, பல நொடிகள், பல நிமிடங்கள் கூடிய சராசரி. இரண்டாவது, கோன் (முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்புத் தாள்) தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஓடி, காயில் இடிபட்டோ அதன் ஒட்டுப் பிரிந்தோ போவது; இது தாழ்ந்த சுருதி ஒலிகளால் வருவது.

"வாட் குறைந்த ஆம்ப்தான் எரிக்கும்" என்று இரண்டாவது கடைக்காரர் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். வெறுமனே வாட் குறைவு யாரையும் எரிக்காது. 20 வாட்டில் சிதைவின்றி ஓடும் 60 வாட் ஸ்பீக்கர் இருபது ஆண்டு ஆனாலும் அப்படியே இருக்கும். ஆனால் 20 வாட் போதாமல் வால்யூமை மேலே மேலே தள்ளும்போது அலைகளின் தலை தட்டையாகித் தட்டையாகி, கடைசியில் சதுர அலைக்கு நெருங்குகிறது. ஒரே உச்சமுள்ள, சீராக ஏறி இறங்கும் சைன் அலையைவிடச் சதுர அலையின் திறன் இரண்டு மடங்கு. 20 வாட் ஆம்ப் அந்த நிலையில் 40 வாட்டைத் தொடர்ந்து கொட்டுகிறது. இதைவிட மோசமானது இன்னொன்று: பேஸ் ஒலியின் தலை சீவப்பட்டு அதற்குமேல் எழ முடியாமல் நிற்கும்போது, பின்தங்கியிருந்த உயர்சுருதி ஒலிகள் மட்டும் தொடர்ந்து உயர்கின்றன, சீவப்பட்ட முனைகளிலிருந்தும் புதிய உயர்சுருதிகள் பிறக்கின்றன. எல்லாம் ட்வீட்டரிடம் போய்ச் சேர்கின்றன. 60 வாட் என்பது முழு செட்டுக்குச் சொன்ன அளவு என்பதையும், அதில் ட்வீட்டர் மட்டும் தனியாகத் தாங்குவது சில வாட்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னுடைய ஆம்னியில் ஆம்ப் இல்லாமல், ஸ்டீரியோவிலேயே காம்பொனென்ட் செட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். நண்பர்களோடு கொடைக்கானல் போய்த் திரும்பும்போது ட்ரெபிளையும் பேஸையும் முழுதாகத் திருப்பி, வால்யூமைக் கடைசி வரை வைத்தார்கள், நானும் தடுக்கவில்லை. மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டும் முன்னரே இடப்பக்க ட்வீட்டர் வாயை மூடிவிட்டது. 18 வாட் கொடுக்கும் ஸ்டீரியோ, அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் ஸ்பீக்கர். கணக்குப்படி எரியவே கூடாது. அதே செட்டில் மிஞ்சிய வலப்பக்க ஸ்பீக்கருக்கு இணையாகப் புதிதாக இன்னொன்றை வாங்கி, 75 வாட் ஆம்பில் ஓட்டினேன். வண்டியை விற்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, முதல் கடைக்காரரின் அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 120 வாட் ஆம்பைக் கிளிப்பிங் வரும்வரை திருகினால் ஸ்பீக்கர் நிச்சயம் போகும், அதுவும் சீக்கிரம் போகும். வண்டியை நீங்கள் மட்டும் ஓட்டுகிறீர்கள், இரைச்சல் கேட்டவுடன் கை தானாகக் குறைக்கும் என்றால் இரண்டு மடங்கு ஆம்ப்கூடப் பாதுகாப்பானதே. கல்லூரி போகும் உங்கள் தம்பியும் அவன் நண்பர்களும் எடுத்துப் போகும் வண்டியாக இருந்தால், ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவோடு நின்றுகொள்வது நல்லது. ஆளைப் பார்த்து வாட் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அடுத்து, கூடுதல் வாட்டால் எவ்வளவு சத்தம் கூடும் என்ற கேள்வி. திறனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். உங்கள் ஸ்டீரியோவின் 18 வாட்டிலிருந்து 75 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 6 டெசிபெல்லுக்குச் சற்று மேல். இது நன்றாகவே தெரியும். 50-க்கும் 75-க்கும் இடையே இருப்பது 1.8 டெசிபெல். 75-க்கும் 90-க்கும் இடையே 0.8 டெசிபெல்; இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்கூடக் கண்டுபிடிப்பது கடினம். இந்த 15 வாட்டுக்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்து மைக் செட்காரர்களுக்கு இந்த உண்மை பாடம் படிக்காமலே தெரியும். பங்குனிப் பொங்கலுக்கு வேப்பமரத்தின் உச்சியில் கட்டும் கூம்புக் குழாய்க்குள் இருக்கும் யூனிட் சாதாரணமாக 30, 40 வாட்தான், ஆனால் பாட்டு கண்மாயைத் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். குழாயின் உணர்திறன் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபெல்லுக்கு மேல். 108 என்று வைத்துக்கொண்டால், உங்கள் 88 டெசிபெல் ஸ்பீக்கரோடு 20 டெசிபெல் வேறுபாடு. குழாய் ஒரு வாட்டில் செய்வதை அது செய்ய 100 வாட் வேண்டும். குழாயால் பேஸ் தர முடியாது, காரில் அதை மாட்டவும் முடியாது என்பது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, ஸ்பீக்கரின் அட்டையில் வாட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் டெசிபெல் எண்ணை யாரும் படிப்பதில்லை என்பதே. 91 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் சத்தத்தை 88 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: அந்த எண்ணை 1 வாட்டில் எடுத்தார்களா, 2.83 வோல்ட்டில் எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். 4 ஓமில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். ஆகவே அப்படி எடுத்த எண்ணில் 3 டெசிபெல்லைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

உங்கள் ஸ்பீக்கருக்கே கணக்குப் போடுவோம். 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 75 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் உச்சம் ஏறத்தாழ 107 டெசிபெல் வரும். அதில் தவில் அடிக்கான 20 டெசிபெல் இடத்தை விட்டால் சராசரி 87. நான்குவழிச் சாலையில் ஜன்னலை ஏற்றிவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சிறிய காருக்குள் டயர் சத்தமும் காற்றும் சேர்ந்தே 70 டெசிபெல் அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேலே 17 டெசிபெல் உயரத்தில் பாட்டு நிற்கிறது, சிதையாமல். திருமங்கலத்திலிருந்து வருகிறவருக்கு இது தாராளம். 100 டெசிபெல் சராசரியில் கேட்பதென்றால் காதுக்குப் பாதுகாப்பான நேரம் நாளுக்குக் கால் மணி மட்டுமே. உங்கள் பயணம் அதைவிட நீளம்.

வாட்டைக் கூட்டும்போது காயில் சூடேறுவதால் அதன் மின்தடையும் கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. காயில் 150 டிகிரி ஏறினால் தடை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும், ஆம்ப் கொடுக்கும் திறன் அந்த அளவுக்குக் குறையும். கடைசி வாட்கள் சத்தமாக மாறாமல் சூடாகவே முடிகின்றன.

கோன் எல்லை மீறுவதைத் தடுக்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. ஒரே சத்தத்துக்கு, சுருதி பாதியாகக் குறையும்போது கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரை 40 ஹெர்ட்ஸ் தரச் சொல்வது கழுதைமேல் லாரி லோடு ஏற்றுவது போன்றது. ஆம்பில் இருக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை (வைத்த அளவுக்குக் கீழுள்ள ஒலிகளைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், சப்-ஊஃபர் வரும்வரை வேண்டுமானால் 60-இல் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கதவுத் தகட்டில் இருக்கும் ஓட்டைகளை டேம்பிங் ஷீட்டால் அடையுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்க அலை அந்த ஓட்டைகள் வழியாக வந்து முன்பக்க அலையை அழித்துவிடுவதால், அடைக்காத கதவில் எத்தனை வாட் ஊற்றினாலும் மத்திய பேஸ் எழும்பாது. ஆம்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். மாட்டிக் கேட்ட பிறகு யாரும் சுளித்ததில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். சப்-ஊஃபரையும் எண்ணி நான்கு சேனல் ஆம்ப் வாங்குவதாக வைத்துக்கொண்டால், 75 வாட் பெருக்கல் 4, 300 வாட். ஏபி வகையில் அதற்கு உள்ளே 500 வாட் வேண்டும், 13.8 வோல்ட்டில் 36 ஆம்பியர். டி வகையில் 27 ஆம்பியர். பாட்டு ஓடும்போது இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் சராசரியாக ஓடும் என்பதால், 35 ஏ.எச். பேட்டரி போட்ட சிறிய கார்கூட இதைத் தாங்கும். ஆனால் மே மாதக் கத்திரியில், ஏ.சி. முழுதாக ஓட, கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தருவதில்லை. ரேடியேட்டர் ஃபேனும் ப்ளோயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மின்னழுத்தம் 14.4-இலிருந்து 12.6-க்கு இறங்கினால், உள்ளே மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் ஏற்பாடு இல்லாத ஆம்பின் 75 வாட் 57 ஆகிவிடும். முதலில் சொன்ன 60 முதல் 90 வரம்பில் கீழ் எண்ணிலேயே நிற்காமல் 75 என்று நான் சொன்னதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம்.

ஒயரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து சீட்டுக்கு அடியில் வரை 5 மீட்டர் என்று வைத்தால், 36 ஆம்பியரில் 8 கேஜ் செம்பு ஒயர் 0.37 வோல்ட்டை விழுங்கும், 4 கேஜ் 0.15 வோல்ட்டை. கிட் என்று மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம், இழப்பு ஒன்றரை மடங்கு. கத்தியால் முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். அது ஆம்பைக் காப்பதற்கு அன்று, ஒயர் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டியைத் தீயிலிருந்து காப்பதற்கு.

விளக்கு மங்குகிறது என்று போனால் ஒரு ஃபேரட் கெப்பாசிட்டரை விற்கப் பார்ப்பார்கள். 14.4-இலிருந்து 12.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 25 ஜூல். 500 வாட் கேட்கும் அமைப்புக்கு அது இருபதில் ஒரு நொடிக்குக் காணும். அந்தக் காசில் கிரவுண்ட் ஒயரைத் தடிமனாக்கி, பெயின்ட்டைச் சுரண்டிய தகட்டில் இறுக்கமாக முடுக்கச் சொல்லுங்கள்.

சப்-ஊஃபருக்கு வருகிறேன். இப்போதே நான்கு சேனல் ஆம்பாக வாங்கிவிட்டால், முதல் இரண்டு சேனல் முன்கதவுக்கு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, சப்-ஊஃபருக்கு என்று வைக்கலாம். பின்கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவிலேயே ஓடட்டும், பின்சீட்டுக்கு அது போதும். பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் இணைத்திருக்கும் ஓமில் பாதியையே காண்கிறது. நான்கு சேனல் ஆம்ப்கள் பெரும்பாலும் ஒரு சேனலுக்கு 2 ஓம் வரை தாங்கும் என்பதால், பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. சப்-ஊஃபர் வாங்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இரட்டைக் காயில் 4 ஓம் சப்-ஊஃபரைத் தொடராகக் கட்டினால் 8 ஓம், பக்க இணைப்பாகக் கட்டினால் 2 ஓம். முன்னதில் திறன் குறைந்துவிடும், பின்னதில் ஆம்ப் சூடேறி அணைந்துவிடும். இரட்டைக் காயில் 2 ஓம் உள்ளதை வாங்கித் தொடராகக் கட்டினால் சரியாக 4 ஓம், அல்லது ஒற்றைக் காயில் 4 ஓம் வாங்கலாம். அப்போது 4 ஓமில் 75 வாட் தரும் ஆம்ப், பிரிட்ஜில் 200 வாட்டை ஒட்டித் தரும். 200 முதல் 250 வாட் ஆர்.எம்.எஸ். உள்ள பத்து அங்குலத்துக்கு, மூடிய பெட்டியில், சிறிய காரின் உள்ளளவே தாழ்ந்த சுருதிகளைத் தூக்கிக் கொடுப்பதால், இது நிறைவாகவே இருக்கும். துளையுள்ள பெட்டியாக இருந்தால் அதன் சுருதிக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இருக்காது, மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் ஓட்ட வேண்டாம். 300 வாட்டுக்கு மேல் ஆசை இருந்தால் தனியாக டி வகை மோனோ ஆம்ப் போடுவதே முறை. அங்கும் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 1 ஓமுக்கான எண்ணா, உங்கள் சப்-ஊஃபரின் ஓமுக்கான எண்ணா என்று பாருங்கள்.

எத்தனை வாட் வாங்கினாலும் கெயின் என்ற திருகாணியைச் சரியாக வைக்காவிட்டால் எல்லாம் வீண். அது வால்யூம் பொத்தான் அன்று. ஸ்டீரியோவிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு ஆம்பைப் பொருத்தும் கருவி. பாட்டுப் போட்டுக் காதால் கேட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று திருகும் பழக்கம்தான் நம் பக்கம் நூற்றுக்கு எண்பது ஸ்பீக்கரைக் கொல்கிறது என்பது என் கணிப்பு. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிட்டு, ஈக்வலைசரை நடுவில் வையுங்கள், ஃபில்டரையும் அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, பென்டிரைவில் பதிந்த முழு அளவு சைன் அலையை ஓட்டுங்கள். முன்கதவுச் சேனலுக்கு 400 ஹெர்ட்ஸ், சப்-ஊஃபருக்கு 50 ஹெர்ட்ஸ். ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, வாட்டையும் ஓமையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம் வரும்வரை கெயினைத் திருகுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். தம்பியும் நண்பர்களும் எடுத்துப் போகும் வண்டி என்றால் 60 வாட்டுக்குரிய 15.5 வோல்ட்டில் நிறுத்திவிடுங்கள். மலிவான மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும் என்பதால்தான் 400 என்றேன். ஆம்ப் உண்மையில் 75 வாட் தருவதாக இருந்தால்தான் இந்த அளவு செல்லும். பொய் வாட் ஆம்பில் 17.3 வோல்ட் காட்டும்போது அலை ஏற்கெனவே தலை சீவப்பட்டிருக்கும், மீட்டர் அதைச் சொல்லாது.

பொருத்தும் இடத்தைப் பற்றியும் ஒன்று. ஆம்பை முன்சீட்டுக்கு அடியில் கம்பளத்தில் புதைத்து வைப்பது பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். தெப்பக்குளம் ஓரம் நிழலில்லாமல் இரண்டு மணி நேரம் நிறுத்திய வண்டியின் உள்ளே 60 டிகிரி தொடும் ஊர் இது. அந்தச் சூட்டில் எடுத்தவுடன் முழுச் சத்தம் வைத்தால், ஏபி வகை ஆம்ப் பத்தாவது நிமிடத்தில் தானாக அணைந்து, பழுது என்று கடைக்குக் கொண்டுபோக வைக்கும். நான்கு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, பலகைமேல் உயர்த்தி வையுங்கள், அல்லது டி வகையாகவே வாங்குங்கள். உங்கள் வண்டி வெயிலில்தான் நிற்கும் என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். பொருத்துபவர் கம்பெனி ஒயரை வெட்டி இணைக்க முற்பட்டால் நிறுத்திவிட்டு, உங்கள் காருக்கான கப்ளர் (வெட்டாமல் செருகி இணைப்பது) வாங்கிவரச் சொல்லுங்கள். வெட்டிய இடத்துக்கு வாரண்டி கிடைக்காது.